சுழல மறுக்கும் யந்திரம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து, ஹெப்பகோடிக்கும் சந்தாபுராவுக்கும் இடையே அமைந்திருக்கும் பொம்மசந்திராவில், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் எந்தக் குடியிருப்புத் தெருவில் நின்று செவிமடுத்தாலும் வாஷிங் மெஷின்களின் இரைச்சலைக் கேட்கலாம். ஷிப்டு மாறி ஷிப்டு வேலை பார்க்கும் மருந்துத் தொழிற்சாலை ஊழியரும், லேத்துப் பட்டறைத் தொழிலாளியும், ஆஸ்பத்திரி நர்ஸும், கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞரும் ஒரு வாரத்து அழுக்கை அந்த ஒரு தினத்துக்கென்று சேர்த்துவைத்து, மெஷின் கொள்ளுமட்டும் துணியைத் திணித்து, பட்டனை அழுத்திவிட்டுக் காய்கறி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்து பார்க்கும்போது, துவைப்பு முடிந்த துணி சொட்டச் சொட்டத் தொட்டிக்குள் கிடக்க, யந்திரம் ஏதோ இரண்டு எழுத்துகளைக் காட்டிக்கொண்டோ, அதுவும் இல்லாமல் மௌனம் சாதித்துக்கொண்டோ நிற்பது சில வீடுகளில் நேர்ந்துவிடுகிறது. “துவைக்குது, ஆனா சுத்த மாட்டேங்குது” என்ற புகார் உடனே மெக்கானிக்கின் செல்போனுக்குப் போகிறது.

இந்தப் புகாரைக் கேட்ட மாத்திரத்தில் ‘மோட்டார் போயிற்று’, ‘போர்டு போயிற்று’ என்று தீர்ப்பு எழுதிவிடும் அவசரம் நம்மவரிடையே மிகுதி. என்னுடைய அபிப்பிராயம் வேறு. தொட்டியில் தண்ணீர் மிச்சமிருக்கும்போது சுழலக் கூடாது, மூடி திறந்திருக்கும்போது சுழலக் கூடாது, துணி ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும்போது சுழலக் கூடாது என்ற மூன்று விதிகளை, அதைச் சிருஷ்டித்தவர்கள் யந்திரத்துக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சுழலாமல் நிற்கும் மெஷின் பல சமயங்களில் அந்த விதிகளில் ஒன்றுக்குக் கீழ்ப்படிந்துதான் நிற்கிறது. ஆகையால் அதைப் பழுது பார்க்கிறவன் முதலில் செய்யவேண்டியது, எந்த விதி அதைத் தடுத்தது என்று விசாரிப்பதே. ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பது அதற்கு அப்புறம்.

சுழற்சி எதற்கு என்பதைச் சற்று நிதானித்துப் பார்ப்பது பின்னால் வரும் விஷயங்களுக்கு உபகாரமாக இருக்கும். நனைந்த பருத்தித் துணி தன் எடைக்குச் சமமாகவும் அதற்கு மேலும்கூடத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துளைகள் நிறைந்த டிரம் ஒன்றில் அதைப் போட்டு வேகமாகச் சுழற்றினால், நேர்க்கோட்டில் ஓடிவிட முயலும் துணியை டிரம்மின் சுவர் உள்நோக்கித் தள்ளி வட்டத்திலேயே நிறுத்துகிறது. துளைக்கு நேரே இருக்கும் தண்ணீருக்கு அவ்விதம் தள்ளும் சுவர் இல்லாதபடியால் அது வெளியே தெறித்துப் போகிறது. பொம்மசந்திராவின் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடங்களில் இரத்தத்தின் அணுக்களையும் நீர்ப்பகுதியையும் சில நிமிஷங்களில் பிரித்தெடுக்கும் கருவியும், அங்குள்ள உயிரியல் மருந்துத் தொழிற்சாலைகளில் செல்களைத் திரவத்திலிருந்து பிரிக்கும் பெரிய கருவியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. 48 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒன்று நிமிஷத்துக்கு 1,200 சுற்று சுழலும்போது அதன் விளிம்பில் இருக்கும் துணி, தன் எடையைப் போல் ஏறத்தாழ 380 மடங்கு விசையோடு சுவரில் அழுந்துகிறது. இதன் மறுபக்கத்தையும் கவனிக்கவேண்டும். ஒரே ஒரு கிலோ ஈரத்துணி ஒரு புறமாக ஒதுங்கி எதிர்ப்புறத்தில் அதற்கு ஈடு இல்லாமற் போனால், 380 கிலோ பாரம் தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு விசை டிரம்மை, ஒரு வினாடிக்கு 20 முறை திசை மாற்றி மாற்றி இழுக்கும்.

1937இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பெனி வீட்டு உபயோகத்துக்கென்று முதன்முதலாகத் தானியங்கி வாஷிங் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, இந்த விசையைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு அதில் இல்லாமையால், மெஷினைத் தரையோடு போல்ட்டு போட்டு முடுக்கிவிட வேண்டியிருந்தது. அப்படிச் செய்யாவிட்டால் அது சுழலும் வேகத்தில் அறையை விட்டே நடந்து போய்விடும். பின்னால் வந்தவர்கள் தொட்டியை ஸ்பிரிங்குகளிலும் தொங்கு கம்பிகளிலும் மாட்டி ஆட விட்டார்கள்; அதோடு, ஆட்டம் அளவுக்கு மீறினால் சுழற்சியைத் தானே நிறுத்திக்கொள்ளும் புத்தியையும் யந்திரத்துக்குக் கற்பித்தார்கள். நம் தேசத்தில் இந்த மெஷின் மத்தியதர வர்க்கத்து வீடுகளுக்குள் நுழைந்தது 1980களின் இறுதியில்தான். வேர்ல்பூல் கம்பெனி டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் தொழிற்சாலை அமைத்தது அந்தக் காலத்தில். இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரிலும் சாம்சங்கின் மெஷின்கள் உற்பத்தியாகின்றன.

இனி விசாரணைக்கு வருவோம். கேட்கவேண்டிய முதற் கேள்வி, தண்ணீர் வடிந்ததா என்பது.

மேலே திறக்கும் தானியங்கி மெஷினில் இந்தக் கேள்விக்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. அதன் அடியில் இருப்பது ஒரே மோட்டார். அது பெல்ட் மூலம் கியர் பாக்ஸ் அல்லது கிளட்ச் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பாகத்தைத் திருப்புகிறது. துவைக்கும்போது தொட்டி நிலையாக நிற்க, அடியிலுள்ள தட்டு மட்டும் தயிர் கடையும் மத்தைப்போல் இப்படியும் அப்படியும் திரும்புகிறது. சுழற்சியின்போது தட்டும் தொட்டியும் ஒன்றாகப் பிணைந்து ஒரே திசையில் ஓடவேண்டும். இந்தப் பிணைப்பை உண்டாக்குவது, டிரெயின் மோட்டார் என்று அழைக்கப்படும் உள்ளங்கையளவுள்ள சிறிய மோட்டார். பல மாடல்களில் அது ஒரு கம்பியை இழுக்கிறது. அந்த ஒரே இழுப்பில் தண்ணீர் வடியும் வால்வு திறக்கிறது, கிளட்சும் துவைப்பு நிலையிலிருந்து சுழற்சி நிலைக்கு மாறுகிறது. ஆகவே தண்ணீர் வடியவும் இல்லை, தொட்டி சுழலவும் இல்லை என்றால், இரண்டு வியாதியைத் தேடி அலையவேண்டியதில்லை. டிரெயின் மோட்டார் இறந்திருக்கலாம், அல்லது வெளியே போகும் பைப் அடைத்திருக்கலாம். தண்ணீர் நன்றாக வடிகிறது, துவைக்கும்போது தட்டும் திரும்புகிறது, சுழற்சி மட்டும் இல்லை என்றால், பெரிய மோட்டார் பெரும்பாலும் சௌக்கியமாகவே இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். சந்தேகத்தை மூடியின் சுவிட்சு, கிளட்சின் நெம்புகோல், துணியின் சமநிலை ஆகியவற்றின் பக்கம் திருப்பலாம். யந்திரத்தின் ஓர் ஆணியைக்கூடக் கழற்றாமல் இவ்வளவு தூரம் வந்துவிட முடிகிறது.

வடியும் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூர் வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் ‘யுடிலிட்டி’ என்று ஓர் ஒடுங்கிய இடம் விட்டுக் கட்டுவது வழக்கம். பாத்திரம் கழுவும் தொட்டியும் வாஷிங் மெஷினும் அங்கேதான் வாசம் செய்கின்றன. பம்பு இல்லாமல் தானாகவே வடியும் மேல்வாய் மெஷினின் பைப் தரையோடு தாழ்ந்து கிடக்கவேண்டும். வீடு பெருக்குகிறவர்கள் ஒழுங்குக்காக அதைத் தூக்கிக் குழாயில் மாட்டிவிட்டால் தண்ணீர் மேலேறாது, மெஷினும் சுழலாது. முன்னால் திறக்கும் மெஷினின் நியாயம் இதற்கு நேர் எதிரானது. அதில் பம்பு இருப்பதால் பைப்பின் நுனி சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். தரையில் போட்டால் உள்ளே வரும் தண்ணீர் வந்த வேகத்திலேயே வெளியே ஓடிக்கொண்டிருக்கும். இதெல்லாம் மெஷினோடு வந்த புத்தகத்தில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறது. அந்தப் புத்தகமோ பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

தண்ணீர் முழுதும் வடிந்த பிறகும் ‘இன்னும் தண்ணீர் இருக்கிறது’ என்று யந்திரம் நம்புவதும் உண்டு. தொட்டியின் அடியிலிருந்து ஒரு சன்னமான ரப்பர் குழாய் மேலே போகிறது. தண்ணீர் ஏற ஏறக் குழாய்க்குள் சிக்கிய காற்று அழுந்துகிறது. அந்த அழுத்தத்தைக் கொண்டே நீர்மட்டம் எவ்வளவு என்பதை மேலேயுள்ள பிரஷர் ஸ்விட்சு அறிகிறது. குழாயின் வாயில் சோப்புச் சேறும் நூல் பிசிறும் அடைத்துக்கொண்டால், தண்ணீர் போன பின்பும் காற்று அழுந்தியபடியே நிற்கிறது, யந்திரமும் முதல் விதிக்குக் கட்டுப்பட்டு அசையாமல் நிற்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தக் குழாயின் மேல் முனையைப் பிடுங்கி, வாயால் மெல்ல ஊதினால் அடைப்பு விலகிவிடுவதுண்டு. போர்டை மாற்றச் சொல்லிப் பல ஆயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுக்கப்பட்ட மெஷின்கள் இந்த ஓர் ஊதலில் பிழைத்திருக்கின்றன என்று மெக்கானிக்குகள் சொல்லும்போது, அதில் தொழிற் பெருமை கொஞ்சம் கலந்திருந்தாலும், நான் அதை நம்பத் தயாராக இருக்கிறேன்.

சோப்புச் சேறு என்றேன். பொம்மசந்திராவில் அது உண்டாகும் காரணத்தையும் சொல்லவேண்டும். இந்தப் பிரதேசம் கடினப் பாறையின் மேல் அமர்ந்திருக்கிறது; பாறையின் வெடிப்புகளில் தங்கிய நீரை ஆழ்துளைக் கிணறு போட்டு எடுக்கிறார்கள், போதாததற்கு டேங்கர் லாரியில் வாங்கிச் சம்பில் நிரப்புகிறார்கள்; டேங்கரில் வருவதும் அநேகமாக இன்னொரு போர்வெல்லின் தண்ணீரே. பாறையிலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியச் சத்தையும் கரைத்துக்கொண்டு வருகிற இத்தகைய நீர் கடினமானது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. கடின நீரில் நுரை எளிதில் வராது. நுரை வராததைக் கண்ட குடும்பத்தலைவி இன்னொரு கரண்டி சோப்புத் தூளைப் போடுகிறாள். தூளில் கலந்துள்ள சோடா நீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படிவமாகிறது. அந்தப் படிவமும் கரையாத தூளும் நூல் பிசிறும் சேர்ந்து களிம்பாகித் தொட்டியின் வெளிச்சுவரிலும், வால்விலும், மேலே சொன்ன காற்றுக் குழாயின் வாயிலும் அப்பிக்கொள்கின்றன. அதே வீட்டார் நல்ல தண்ணீர் உள்ள ஊருக்குக் குடிபெயர்ந்து அதே அளவு தூளைப் போட்டாலோ, நுரை மிதமிஞ்சி இரண்டு தொட்டிகளுக்கும் இடையே நிறைந்து, சுழலும் டிரம்மைப் பிடித்து நிறுத்திவிடும். துணி இல்லாமல், டிஸ்கேலிங் பவுடர் போட்டு, ‘டப் கிளீன்’ ஓட்டத்தை மாதம் ஒரு முறையேனும் ஓட்டுவது போர் தண்ணீர் உள்ள வீடுகளுக்கு அவசியம் என்றே சொல்வேன்.

துணியின் சமநிலை அடுத்த விஷயம். ஒற்றை ஜமுக்காளம், ஒற்றை ஜீன்ஸ், ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடி ஆகியவை இதில் முக்கியக் குற்றவாளிகள். ஒரு பெரிய துணி தனியாகக் கிடந்தால் அது முழுதும் ஒரு பக்கம் ஒதுங்கித்தான் தீரும். நான்கைந்து சிறு துணிகள் உடன் இருந்தால் பரவிக்கொள்ள இடமுண்டு. தானியங்கி மெஷின் மெதுவாகச் சுழன்று பார்த்து, ஆட்டம் அதிகமென்று கண்டால் நிறுத்தி, மறுபடி தண்ணீர் எடுத்துத் துணியைக் கலைத்து, திரும்பவும் முயல்கிறது. மிச்சமுள்ள நிமிஷத்தைக் காட்டும் எண் வெகு நேரம் அதே இடத்தில் நிற்பதன் ரகசியம் இதுவே. கடைசியில் தோற்றுப்போய், சில கம்பெனி மெஷின்களில் ‘யூ இ’ என்ற எழுத்துகளைக் காட்டுகிறது. அதே கம்பெனிகளின் ‘ஓ இ’ தண்ணீர் வடியவில்லை என்பதையும், ‘டி இ’ கதவு சரியாக மூடவில்லை என்பதையும் குறிக்கின்றன. துணியைப் பிரித்துப் பரப்பிப் போட்டும் ஆட்டம் தீரவில்லை என்றால், மெஷினின் நான்கு கால்களும் தரையில் அழுந்தி நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். யுடிலிட்டியின் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகவே போடப்படுவதால், கால்களைத் திருகி உயர்த்தியோ தாழ்த்தியோ சமன்படுத்தாத மெஷின் அங்கே ஒருபோதும் ஒழுங்காகச் சுழலாது. அதற்கும் மேலே போனால், தொட்டியைத் தாங்கும் நான்கு தொங்கு கம்பிகளில் ஒன்று தளர்ந்திருக்கக்கூடும். காலித் தொட்டியைக் கையால் அழுத்தி விட்டால் அது ஒரே எழும்பலில் நிற்காமல் பலமுறை குதிப்பது அதற்கு அடையாளம்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் தானியங்கி மெஷினைச் சேர்ந்தவை. தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒற்றை அறை வீடுகளில் காண்பதெல்லாம் செமி-ஆட்டோமேட்டிக். துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி, இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். பிழியும் தொட்டியை நம் ஜனங்கள் டிரையர் என்கிறார்கள். இங்கே துவைக்கும் மோட்டார் ஓடுவதை வைத்து டிரையரின் மோட்டாரைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் இதன் குற்றவாளி அநேகமாக மோட்டாரும் அன்று.

ஹெப்பகோடிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இத்தகைய மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக், கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தமிழையும் ஆனேக்கல் தாலூகாக் கன்னடத்தையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் இளைஞர், முதலில் டைமரைத் திருப்பி மூடியைச் சாத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். ‘உம்’ என்ற முனகல் மட்டும் வந்தது. சில வினாடிகளில் ரப்பர் கருகும் வாடை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடி சாத்தியபடியே இருக்க, மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்புறத் தகட்டின் ஸ்குரூக்களைக் கழற்றினார்.

“அக்கா, மூடியைத் திறந்து திறந்து மூடுங்க.”

“ஏன் தம்பி, மூடியிலயா கோளாறு?”

“கீழ என்ன நடக்குதுன்னு நீங்களே வந்து பாருங்கக்கா.”

டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது இதுதான்: டிரையர் மோட்டாரின் தலையில், தொட்டியின் அச்சோடு அதை இணைக்கும் உருளை; உருளையின் பக்கவாட்டில் ஒரு பிரேக் கட்டை; கட்டையை உருளைமேல் அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்; அந்தக் கட்டையிலிருந்து மேலே மூடி வரைக்கும் போகும் ஒரு மெல்லிய கம்பி. மூடியைச் சாத்தும்போது கம்பி இழுபட்டுப் பிரேக் விலகவேண்டும். திறக்கும்போது கம்பி தளர்ந்து, ஓடும் தொட்டியைப் பிரேக் பிடித்து நிறுத்தவேண்டும். குழந்தைகளின் கை உள்ளே போய்விடாமல் காப்பது இந்த ஏற்பாடு. அந்த மெஷினில் கம்பி மாட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டியின் துளை, வருஷக்கணக்கில் உராய்ந்து நீண்டுபோயிருந்தது. மூடியைச் சாத்தினாலும் கம்பி போதுமான அளவு இழுபடாமல், பிரேக் கட்டை உருளையை விட்டு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. மோட்டார் தன்னால் ஆனமட்டும் முக்கிப் பார்த்துச் சூடேறிக்கொண்டிருந்தது. இளைஞர் கம்பியின் கொக்கியை அதே பட்டியின் அடுத்த துளையில் மாட்டி, தொட்டியைக் கையால் சுற்றிவிட்டார். அது தடையில்லாமல் ஓடிற்று. பிறகு, தொட்டிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே விரலை விட்டு, ஒரு குழந்தையின் காலுறையை வெளியே இழுத்துக் கொடுத்தார். அக்காளுக்கு அந்தக் காலுறை கிடைத்ததில்தான் அதிக சந்தோஷம். டிரையருக்குள் துணியின்மேல் வைத்து அழுத்தும் வட்டத் தட்டைச் சோம்பல்பட்டு வைக்காமல் விட்டால், இத்தகைய சிறு துணிகள் சுழலும் வேகத்தில் மேலேறி அந்தச் சந்துக்குள் விழுந்துவிடும்.

பிரேக் விலகியும் முனகல் மட்டும் கேட்குமானால், சந்தேகம் கெப்பாசிட்டர்மேல் விழவேண்டும். வீட்டுக்கு வரும் ஒரு முனை மின்சாரம் மோட்டாருக்குள் உண்டாக்கும் காந்த விசை முன்னும் பின்னும் ஏறி இறங்குமே ஒழிய, ஒரு திசையில் சுற்றாது. இரண்டாவது சுருள் ஒன்றுக்குக் கெப்பாசிட்டர் வழியாக மின்சாரத்தைச் சற்று முன்தள்ளி அனுப்பும்போதுதான் சுழலும் காந்தப்புலம் பிறக்கிறது. கெப்பாசிட்டர் வலுவிழந்தால் மோட்டார் முனகுமே தவிரப் புறப்படாது. சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் சாமான் இது; மோட்டாரைக் கழற்றிச் சுருள் கட்டுவதற்கு அனுப்புமுன் இதை மாற்றிப் பார்க்கச் சொல்வது நம் உரிமை. ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகும் இதற்குள் மின்சாரம் தங்கியிருந்து அடிக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இதன் முனைகளைத் தொடலாகாது. வோல்டேஜ் வெகுவாகத் தாழ்ந்திருக்கும் நேரத்திலும் இதே முனகல் கேட்கும். அப்போது குற்றம் மெஷினுடையதே அல்ல.

எலியைச் சொல்லாமல் விடலாகாது. மெஷினின் அடிப்பாகம் பல மாடல்களில் திறந்தே இருக்கிறது. காலி மனைகள் நிறைந்த புறநகரில், யுடிலிட்டியின் சாக்கடைத் துவாரம் வழியாக வரும் எலிக்கு அது கதகதப்பான வீடு. மூடி சுவிட்சுக்கோ டிரெயின் மோட்டாருக்கோ போகும் ஒரு கம்பியை அது கடித்துத் துண்டித்தால், மற்றதெல்லாம் சரியாக ஓடச் சுழற்சி மட்டும் நின்றுபோகும். அடியில் ஒரு கம்பி வலை போட்டுவிடுவது உத்தமம்.

முன்னால் திறக்கும் மெஷினில் முதலில் பார்க்கவேண்டியது கீழ் மூலையில் சிறு கதவுக்குள் இருக்கும் ஃபில்டர். நாணயம், கொண்டை ஊசி, குழந்தையின் பென்சில் முனை ஆகிய பொருட்கள் அங்கே சேர்ந்து பம்பை நிறுத்துகின்றன. கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகிக் கழற்றினால் வீட்டிலேயே சுத்தம் செய்துவிடலாம். பழைய மாடல் மோட்டார்களில் கார்பன் துண்டுகள் தேய்ந்துபோவதும் உண்டு. துவைக்கும்போது மெல்லத் திரும்பினாலும், வேகமெடுக்கவேண்டிய கட்டத்தில் மோட்டார் தடுமாறி நிற்கும். கார்பன் மாற்றினால் முன்போல் ஓடும். இன்வெர்ட்டர் மோட்டார்களில் கார்பன் கிடையாது.

இவற்றையெல்லாம் தாண்டிய பெரிய வியாதி ஒன்று உண்டு. டிரம்மின் பின்புறத்தில் மூன்று கால்களோடு ஒட்டியிருக்கும் அலுமினியத் தாங்கியைச் சோப்பின் காரமும் தங்கிப்போன ஈரமும் வருஷக்கணக்கில் அரித்து, ஒரு நாள் ஒரு கால் முறிந்துவிடுகிறது; அல்லது ஆயில் சீல் கிழிந்து தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கித் துருவேற்றுகிறது. சுழற்சியின்போது ஆகாய விமானம் புறப்படுவது போன்ற இரைச்சல் கேட்கத் தொடங்கினால் பேரிங் போகிறது என்று பொருள். அதைக் கேட்டும் கேளாததுபோல் இன்னும் சில மாதங்கள் ஓட்டுகிறவர்கள் சீல் விலையில் முடியவேண்டிய வேலையை டிரம் விலைக்குக் கொண்டுபோகிறார்கள். வெளித்தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒரேயடியாக ஒட்டி வார்த்துவிடும் மாடல்களில் பேரிங்கை மட்டும் மாற்றுவதற்கே வழியில்லை, முழுத் தொட்டியையும் மாற்றவேண்டியிருக்கிறது. செய்யும்போதே பழுது பார்க்க முடியாதபடி ஒரு பொருளைச் செய்வது என் அபிப்பிராயத்தில் சாமர்த்தியம் ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சு முதல் அமலுக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு வாஷிங் மெஷின் மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 10 வருஷங்களுக்கு அதன் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்கும்படி கம்பெனி பார்த்துக்கொள்ளவேண்டும். நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது. வீட்டு உபயோகச் சாதனங்களும் அதன் பரிசீலனைக்குள் வந்தன. அவ்வருஷம் டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாயிலும் திறக்கப்பட்டது. அந்த வாயிலில் கம்பெனிகள் தரும் தகவல்கள் வாடிக்கையாளருக்குப் பிரயோஜனமானவையே என்றாலும், உதிரி பாகம் தந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் வேறு விஷயம்.

போர்டு உண்மையாகவே பழுதாகும் சந்தர்ப்பங்களும் இல்லாமல் இல்லை. அப்போதும் புதுப் போர்டு ஒன்றே கதி என்று இருக்கவேண்டியதில்லை. கருகிய ரிலே ஒன்றையோ சுவிட்சிங் சில்லு ஒன்றையோ மாற்றினால் பிழைத்துக்கொள்ளும் போர்டுகள் அநேகம். 2025 ஆகஸ்டு 10ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திராவையும் ஆர்.வி. ரோட்டையும் 16 நிலையங்களால் இணைத்துவிட்டபடியால், ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறிக் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி, மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போன எஸ்.பி. ரோட்டுக்குக் கழற்றிய போர்டைக் கைப்பையில் கொண்டுபோவது இப்போது சுலபமாகிவிட்டது. புறப்படுமுன் பழைய போர்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணையும், ஒவ்வொரு கம்பியும் எந்த முனையில் செருகியிருந்தது என்பதையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்வது நலம். கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

தாங்கி முறிந்து, தொட்டியும் உடைந்து, செலவு புது மெஷினின் விலையில் பாதியைத் தாண்டுமென்று தெரிந்தால் விட்டுவிடலாம். அப்போதும் அதை அப்படியே பழைய இரும்புக் கடைக்குத் தள்ளாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினால், டிரெயின் மோட்டார், மூடி சுவிட்சு, டைமர், பெல்ட், தொங்கு கம்பிகள் என்று ஓடுகிற நிலையில் உள்ளவற்றை அவர் விலை பேசிக் கழற்றி எடுத்துக்கொள்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு யுடிலிட்டியில் அவை தேவைப்படும்.